அமேசிங் ஸ்பைடர்மேன் 538: கடைசில பெரியம்மாவ சுட்டுட்டாங்க, அப்புறம் என்னாச்சுங்க? சிவில் வார் எந்த வரிசைல படிக்கறது?

தறிச்சத்தம் (சோமனூர் பக்கம்)

வணக்கமுங்க எல்லாருக்கும். ரெண்டு வருஷமா இங்க வந்து சத்தமில்லாம படிச்சுட்டுப் போற ஆளு நான், எழுதறது இதுதான் மொதத்தடவ, எங்காச்சும் தப்பா கேட்டிருந்தா பொறுத்துக்குங்க.

போன சனிக்கெழம நூல் பாக்கி விஷயமா கோயமுத்தூர் போயிருந்தனுங்க. பார்ட்டி ஊர்லயே இல்ல. போன காரியம் ஆகலங்காட்டி திரும்பி வர்றக்கு முன்னாடி உக்கடத்துல பழைய புத்தகக் கடைங்க பக்கம் ஒரு நடை போனன். டிப்ளமோ புத்தகம், நீட் கைடு, எவனோ பக்கம் பூரா அடிக்கோடு போட்டுத் தேச்ச பாட்டனி நோட்ஸ், அத்தனைக்கும் அடியில சணல் போட்டுக் கட்டுன ஒரு கட்டு இங்கிலீஷ் காமிக்ஸ் கெடந்துது. கட்ட அவுக்கறக்கே கடைக்காரர் மொனகுனாரு. பாதிக்கு அட்டையே இல்ல, முழுசா இருந்தது ஸ்பைடர்மேன் மூணுதான். ஒன்னு நூறுன்னாரு, நான் அறுபதுன்னன், பொழுதாகுது எடுத்துட்டுப் போன்னு மூணும் சேத்தி 200க்குக் குடுத்துட்டாரு. 538ஓட ஸ்டேபிள் பின்னு ரெண்டும் துருவேறி தொட்டாலே நடுத்தாள் கையோட வந்துருது, அட்டை மூலைல டீ டம்ளர் வெச்ச வட்டம் அப்படியே கெடக்குது. வாசம் மழைல நனஞ்ச பஞ்சு மூட்டையாட்டம் இருக்குதுங்க, எனக்கு அது புடிச்சுத்தான் இருக்குது.

இப்ப விஷயம் என்னன்னா மூணும் அடுத்தடுத்த நம்பர் இல்ல. 532, 536, 538. மூணுலயும் சிவில் வார்னு போட்டிருக்குது. 532ல ஒரு குத்து கூட இல்ல, பீட்டரு (நம்ம ஸ்பைடர்மேன்), அவன் சம்சாரம், அந்தப் பெரியம்மா, டோனி ஸ்டார்க் (அயர்ன்மேன்)னு மாத்தி மாத்தி நாயம் பேசிட்டே இருக்கறாங்க, கடைசில பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் நிக்கறான், தொடரும். 536 தொறந்தா அதே டோனி ஸ்டார்க்கும் இவனும் கட்டிப் பொரளறாங்க, நடுவுல என்ன ஓரியாட்டம் வந்துச்சுன்னே தெரியல. 538ல நடுரோட்டுல அத்தன ஹீரோவும் அடிச்சுக்கறாங்க, திடீர்னு கேப்டன் அமெரிக்கா போதும்னு கைய நீட்டிட்டு நிக்கறாரு, அது ஏன்னு புரியறதுக்குள்ள கதை ஒரு லாட்ஜுக்குப் போயிருது, தூரத்துல இருந்து ஒருத்தன் சுடறான், பெரியம்மா விழுந்துருது. அத்தோட சரி.

(பீட்டர வளத்த மே ஆண்ட்டிய அத்தைன்னு எழுதாம பெரியம்மாங்கறனேன்னு கேக்காதீங்க. பென்னு பீட்டரோட அப்பனுக்கு அண்ணன், அவரு சம்சாரம் நமக்குப் பெரியம்மாதான், இங்கிலீஷ்காரனுக்குத்தான் எல்லாரும் ஆண்ட்டி.)

கேக்கற காரணம் இன்னொன்னும் இருக்குதுங்க. என்ற அமுச்சி (அம்மாவோட அம்மா) இப்ப எங்ககூடத்தான் இருக்குது, 84 வயசு. புத்தகத்த கட்டல்மேல போட்டுட்டு தறி பாக்கப் போயிட்டன், வந்து பாத்தா கண்ணாடியப் போட்டுட்டு அது பொறட்டிட்டு இருக்குது. எழுத்து தெரியாது, படத்தப் பாத்தே கதை புடிச்சிருச்சு. "ஏஞ்சாமி, இந்தம்மா யாரு சோத்துல மண்ணப் போட்டுச்சு, இதப் போயி சுட்டிருக்கறானுங்க"ன்னுச்சு. எனக்குத் தெரியல அமுச்சி, முன்னாடி புத்தகமும் இல்ல பின்னாடி புத்தகமும் இல்லன்னன். "அண்ணமார் கதைய ராத்திரி ராத்திரியா உடுக்கையடிச்சுப் பாடறாங்க, நீ படுகளத்தன்னைக்கு மட்டும் போய்க் குந்திட்டு ஒன்னும் புரியலன்னா எப்படிறா"ன்னுருச்சு. (அண்ணமாரு எங்க பக்கத்துச் சாமிக் கதை, படுகளம்ங்கறது அவங்க சண்டைல விழற கட்டம்.) அன்னையிலிருந்து அன்னாடும் பொழுதோட வீடு வந்தா மொதக் கேள்வி, "அந்தம்மா பொழச்சுதா?"

தெரிஞ்சவங்க சொல்லுங்க. அமுச்சிக்குப் பதில் சொல்லோணும்.

உக்கடத்துக்_கரையான் (கோவை)

தம்பி, உங்க அமுச்சி சொன்னதுதான் பதில், நான் அதுக்கு உரை எழுதறன் அவ்வளவுதான்.

சிவில் வார்ங்கறது தனிப் புத்தகம். மொத்தம் 7 இஷ்யூ, 2006 மே மாசம் ஆரம்பிச்சு 2007 பிப்ரவரில முடிஞ்சுது, எழுதுனது மார்க் மில்லர், வரஞ்சது ஸ்டீவ் மெக்நிவென். அதுதான் மூலக்கதை. அதுல நடக்கறத மத்த ஹீரோக்களோட சொந்தப் புத்தகத்துலயும் அந்தந்த மாசம் அவங்க பக்கத்துல இருந்து சொன்னாங்க, அதத்தான் டை-இன்ங்கறது. அமேசிங் ஸ்பைடர்மேன்ல 532லிருந்து 538 வரைக்கும் ஏழும் டை-இன். எழுத்து ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, படம் ரான் கார்னி. உங்க கைல இருக்கறது ஏழுல மூணு, அதுவும் மூலக்கதை இல்லாம, புரிஞ்சிருந்தாத்தான் அதிசயம்.

நடந்தது என்னன்னா, டிவி ஷோவுக்காக வில்லனப் புடிக்கற நியூ வாரியர்ஸ்னு ஒரு பொடுசுக் கூட்டம் ஸ்டாம்ஃபோர்டுன்னு ஒரு ஊர்ல நைட்ரோங்கறவன மடக்கப் போறாங்க, அவன் வெடிக்கறவன், பள்ளிக்கூடத்துப் பக்கத்துல வெடிச்சுடறான், 600 பேருக்கு மேல சாவு, கொழந்தைங்க உட்பட. ஜனங்க கொதிச்சுப் போயி சட்டம் வருது: மாஸ்க் போட்டவன் எல்லாம் சொந்தப் பேரக் கவர்மெண்டுல பதிவு பண்ணோணும், கவர்மெண்டுக்கு வேலை செய்யோணும், மாட்டன்னா ஜெயிலு. டோனி ஸ்டார்க் சட்டத்துப் பக்கம், கேப்டன் அமெரிக்கா எதிர்ப் பக்கம்.

இதுல பீட்டரு எங்க மாட்டுனான்னா, அதுக்கு முன்னாடியே அவன் வீடு எரிஞ்சு போயி, பெரியம்மா, மேரி ஜேன் ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஸ்டார்க்கோட டவர்லதான் குடியிருக்கறான். 529ல ஸ்டார்க்கு அவனுக்குப் புது சூட்டும் செஞ்சு குடுக்கறாரு, செவப்பும் தங்கமுமா வரும். நம்மூர்ல சொல்லோணும்னா மொதலாளி வீட்டு அவுட்ஹவுஸ்ல குடியிருந்துட்டு அவரு குடுத்த வண்டிய ஓட்டிட்டு இருக்கறவன் எலெக்‌ஷன்ல யாருக்கு நிப்பான், அந்தக் கதைதான். அவரு "மாஸ்க்க அவுத்துடு"ங்கறாரு, இவன் வீட்டுல உக்காந்து பேசறான், உங்க 532 பூரா அதுதான். அவுக்கறது அதுல இல்ல, சிவில் வார் 2ஓட கடைசிப் பக்கத்துல. பேரு பீட்டர் பார்க்கரு, பதினஞ்சு வயசுலருந்து நாந்தான் ஸ்பைடர்மேன்னு மைக்குல சொல்லிடறான். 1962லிருந்து மறச்சு வெச்சது, ஒரே பக்கத்துல போச்சு.

வரிசை கேட்டீங்கல்ல. சிவில் வார் 1 படிச்சுட்டு 532, அப்புறம் சிவில் வார் 2, அத முடிச்ச சூட்டோட 533, அதுல பத்திரிகை மொதலாளி ஜேம்சன் இத்தன வருஷமா நம்ம ஆளு அவனையே அவன் போட்டோ எடுத்து நமக்கே வித்திருக்கறானேன்னு கேசு போடுவாரு. அப்புறம் சிவில் வார் 3, 534 (இதுல கேப்டனோட மோதல்), சிவில் வார் 4ல கோலியாத்துங்கற ஹீரோ செத்துருவாரு, தோர்ங்கற ஹீரோ மாதிரியே ஸ்டார்க் கோஷ்டி செஞ்ச நகலு கொன்னுருது, அங்கதான் நெறையப் பேருக்கு மனசு மாறும். அடுத்து 535, ஸ்டார்க்கு பீட்டர ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. நெகட்டிவ் ஸோன்ங்கற வேற ஒலகத்துல கட்டுன ஜெயிலு, பேரு 42, நூறு யோசனை எழுதி வெச்சதுல 42ஆவது இதுங்காட்டி அந்தப் பேரு. கேசு இல்ல, வாய்தா இல்ல, உள்ள போனா போனதுதான். பீட்டரு அதப் பாத்துட்டுத்தான் திரும்பறான். உங்க 536ல கட்டிப் பொரண்டது அதனாலதான், அதே சண்டை சிவில் வார் 5லயும் வரும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிங்க. அப்புறம் 537, சிவில் வார் 6, 7, கடைசியா 538.

கேப்டன் ஏன் கைய நீட்டுனாருன்னா, சண்டைல ஸ்டார்க்க அடிச்சுப் போட்டு நிக்கறப்போ பொதுஜனம் அவர மேல விழுந்து புடிக்குது, போலீசு, தீயணைப்புக்காரங்கன்னு. இவரு சுத்திப் பாக்கறாரு, ஊரே நொறுங்கிக் கெடக்குது, யாருக்காக அடிச்சுக்கறமோ அவங்களே நம்மளப் புடிச்சு இழுக்கறாங்களேன்னு நிறுத்திடறாரு. 538ல இது ரெண்டு பக்கத்துல ஓடிரும், மூலக்கதை 7ல விலாவாரியா இருக்கும். அதே கேப்டன் 2007லயே அவரோட சொந்தப் புத்தகம் 25ஆம் நம்பர்ல கோர்ட்டுப் படிக்கட்டுல சுடப்பட்டு செத்தாரு, அது தனிக் கதை.

பெரியம்மாவ சுடச் சொன்னது கிங்பின்ங்கற தாதா. ஜெயில்ல இருந்துட்டே ஆள் அனுப்புனான். பேரு வெளிய வந்ததுக்குக் குடுத்த விலை அது. குண்டு வர்றது பீட்டருக்கு முன்னாலயே உறைச்சுருது, பாஞ்சு மேரி ஜேனக் காப்பாத்திடறான், பின்னாடி நின்னது பெரியம்மா.

பொழச்சுதாங்கறது பெரிய நாயம். இஷ்டம் இருந்தா கேளுங்க, ஸ்பாய்லர் ஆயிரும்.

டீக்கடை_அவெஞ்சர்

இருங்க இருங்க எனக்கு ஒன்னுமே புரியல. நான் படம்தான் பாத்தன், அதுல ஸ்பைடர்மேன் ஸ்கூல் பையன், ஏர்போர்ட்ல வந்து கேடயத்தப் புடுங்குவான், அத்தை வேற சின்ன வயசா இருக்கும். இங்க அவனுக்குக் கல்யாணமே ஆயிருச்சுங்கறீங்க, கெழவி வேற சுடப்படுது, ரெண்டும் ஒரே கதையா???

கோபி_அம்மிணி (கோபிசெட்டிபாளையம்)

@டீக்கடை_அவெஞ்சர் தலைப்பு மட்டுந்தான் தம்பி ஒன்னு. படம் 2016, அதுல பீட்டரு புதுசா வந்த சின்னப் பையன், ஊருக்கு முன்னாடி மாஸ்க்க அவுக்கறதே இல்ல. காமிக்ஸ்ல அவனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987லயே கல்யாணம் ஆயிருச்சு. ஆனா ஒன்னு, படத்துல சர்ச்சுல ஷரோன் கார்ட்டர் எந்திரிச்சு பேசும் பாருங்க, ஊரே நகருன்னாலும் நீ மரமாட்டம் நின்னு நீதான் நகரோணும்னு சொல்லுங்கற மாதிரி, அது இந்த 537ல கேப்டன் பீட்டர்கிட்டச் சொல்றது. தறிச்சத்தம் தம்பிகிட்ட இல்லாத நம்பருதான் அது, பாவம்.

மாயாவி_மாமா (ஈரோடு)

என்ற பங்குக்கு நானும் ரெண்டு வார்த்தை. பேரப் பாத்தாலே தெரியும், நான் முத்து காமிக்ஸ் பார்ட்டி. 72ல இரும்புக்கை மாயாவி வந்தப்போ நான் பொறக்கல, எங்க சித்தப்பன் டிரங்குப் பெட்டில வெச்சிருந்தாரு, அதுல கத்துக்கிட்டன் தமிழே.

மொதல்ல ஒரு குழப்பத்தத் தீத்துடறன், ஏன்னா எங்க வயசு ஆளுங்ககிட்ட ஸ்பைடர்னா வேற. 84ல சிவகாசில இருந்து லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சாங்கல்ல, அதுல வந்த ஸ்பைடரு, கூர்க்காது வெச்சு, வலைத் துப்பாக்கியும் ஹெலிகாருமா சுத்துவான், மொதல்ல திருடனா இருந்து பின்னாடி திருந்துனவன். அவன் இங்கிலாந்துக்காரன். ஸ்பைடர்மேனுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்ல. வேடிக்கை என்னன்னா அவன் கதை முக்காவாசி எழுதுனது ஜெர்ரி சீகல், சூப்பர்மேன உண்டாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தரு. நம்ம பசங்க அதத் தெரியாமயே படிச்சு வளந்திருக்கறம்.

சரி விஷயத்துக்கு வர்றன். முன்னாடி புத்தகமும் இல்ல பின்னாடி புத்தகமும் இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன். காலேஜ் படிக்கறப்போ ஒரு லெண்டிங் லைப்ரரில அமேசிங் ஸ்பைடர்மேன் 252 கெடச்சுது, 1984 மே மாச இதழ். அட்டைல 62ல வந்த மொதக் கதையோட அட்டையாட்டமே தொங்கிட்டுப் போறான், ஆனா உடுப்பு கறுப்பு! நெஞ்சுல பெரிய வெள்ளை எட்டுக்கால். உள்ள பாத்தா எங்கியோ சீக்ரெட் வார்ஸ்னு ஒரு சண்டைக்குப் போயிட்டு இப்பத்தான் திரும்பி வந்திருக்கறானாம். உடுப்பு எங்க கெடச்சுதுன்னு ஒரு வரி இல்ல. அது நமக்கு மட்டும் இல்ல, அமெரிக்காக்காரனுக்கும் அதே கதிதான். சீக்ரெட் வார்ஸ் 12 இஷ்யூ, ஜிம் ஷூட்டர் எழுதுனது, ஆரம்பிச்சதே அப்பத்தான். ஹீரோ அத்தன பேரும் ஒரு மாசம் காணாமப் போயி அடுத்த மாசம் அவங்கவங்க புத்தகத்துல திரும்பி வந்துட்டாங்க, போயிட்டு வந்த கதைய மட்டும் வருஷம் பூரா கொஞ்சங்கொஞ்சமா சொன்னாங்க. கறுப்பு உடுப்பு கெடச்ச சங்கதி 8ஆம் நம்பர்ல, டிசம்பர் இதழ். ஏழு மாசம் காக்க வெச்சுட்டான். பொம்மைக் கம்பெனி ஒன்னு கூட்டு சேந்து பொம்மை விக்கறக்குப் போட்ட திட்டம் அது, ஆனா அந்த உடுப்பு பின்னாடி உசுருள்ள ஜந்துன்னு ஆயி, 88ல வெனம்னு ஒரு வில்லன் வரைக்கும் வளந்துருச்சு. நான் 8ஆம் நம்பரப் படிச்சது பதினோரு வருஷம் கழிச்சு, பொண்டாட்டி ஆஸ்பத்திரில பிரசவத்துக்கு இருந்தப்போ வெளிய பெஞ்சுல உக்காந்து. (திட்டு வாங்குனன். நியாயமான திட்டு.)

டை-இன்னுலயே ரகம் இருக்குதுங்க. 85, 86ல டிசிங்கற காமிக்ஸ் கம்பெனில (சூப்பர்மேன் போடறவங்க) கிரைசிஸ்னு 12 இஷ்யூ வந்துது, மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரேசும் செஞ்சது, எத்தனையோ பூமி இருந்தத ஒட்டுக்கா ஒன்னாக்குனாங்க, சூப்பர்கேர்ள் 7ல செத்துது, ஃப்ளாஷ் 8ல. அப்ப மத்த புத்தகத்து அட்டைலயும் கிரைசிஸ் கிராஸ்ஓவர்னு போட்டு வித்தாங்க. வாங்கித் தொறந்தா வழக்கமான திருடன் போலீசுக் கதை, ஒரே ஒரு கட்டத்துல யாராச்சும் அண்ணாந்து பாத்து "வானம் ஏன் இப்படிச் செவந்து கெடக்குது"ம்பாங்க. அவ்வளவுதான் சம்பந்தம். அன்னையிலிருந்து ஒப்புக்குச் சேத்த டை-இன்ன செவப்பு வானம்னே சொல்ற வழக்கம் வந்துருச்சு. சீர்ல மொய் எழுதிட்டு பந்திக்கு நிக்காமப் போற ஒறம்பரையாட்டம்.

இந்த 532–538 அப்படி இல்ல, அதனாலதான் இவ்வளவு நீட்டறன். உங்களுக்குக் கெடச்சது நல்ல சரக்கு.

கோபி_அம்மிணி

மாமா சொல்றது சரிதான், ஆனா கரையான் அண்ணா 532ஐ "வீட்டுல உக்காந்து பேசறான்"னு ஒரு வரில தாண்டிப் போயிட்டீங்களே, எனக்கு அது பொறுக்கல. எனக்கு ஏழுலயும் பெருசு அதுதான்.

மூலக்கதைல மாஸ்க் அவுக்கறது ஒரு பக்கம். கேமரா வெளிச்சம், கூட்டம், பெரிய படம். அந்த ஒரு பக்கத்துக்கு முன்னாடி ராத்திரி வீட்டுல என்ன நடந்திருக்கும்னு மில்லருக்கு எழுத எடமும் இல்ல, அவசியமும் இல்ல, அவருக்கு அம்பது ஹீரோ இருக்கறாங்க. ஸ்ட்ராசின்ஸ்கிக்கு இருந்தது ஒரு குடும்பம். மேரி ஜேன் நீ எது செஞ்சாலும் உங்கூட நிப்பங்குது. பெரியம்மா அதுக்கு மேல, ஒளிஞ்சே இருந்தது போதும், நீ யாருன்னு ஊருக்குத் தெரியட்டும்ங்கற பக்கம்தான் பேசுது. ஞாபகம் வெச்சுக்குங்க, பெரியம்மாவுக்கே இவன் ஸ்பைடர்மேன்னு தெரிஞ்சு அஞ்சு வருஷம் கூட ஆகல, 2002ல வந்த இதழ்லதான் ரெண்டு பேரும் உக்காந்து மனசு விட்டுப் பேசுவாங்க. அத்தன வருஷம் தெரியாம இருந்த கஷ்டத்துல சொல்லுச்சு அந்தம்மா. அது சொன்ன வார்த்தைதான் 538ல அது நெஞ்சுலயே வந்து பாஞ்சுது. 532ஐயும் 538ஐயும் கைல வெச்சுட்டு புரியலங்கறீங்களே தம்பி, நடுவுல இருக்கற அடிதடி இல்லாமயே உங்ககிட்ட இருக்கறது தலையும் வாலும்தான்.

எனக்கு மூலக்கதை மேல அவ்வளவு மரியாதை இல்லைங்க, சொன்னா சண்டைக்கு வராதீங்க. படம் பிரமாதம். ஆனா ஸ்டார்க்க ஒரே அடியா வில்லனாக்கிட்டாங்க. அந்த ஜெயிலு கட்டற ஆளும் 532ல பெரியம்மாகிட்ட மரியாதையாப் பேசற ஆளும் ஒரே மனுசன்னு நம்ப முடியறது இந்த டை-இன்னு படிச்சாத்தான்.

அப்புறம் வாங்கறக்கு ஒரு எச்சரிக்கை. வெறும் சிவில் வார்னு தொகுப்பு வாங்குனா 7 மூலக்கதைதான் இருக்கும். சிவில் வார்: அமேசிங் ஸ்பைடர்மேன்னு தனித் தொகுப்பு இருக்குது, அதுலதான் 532லிருந்து 538. நான் இரண்டாவதுக்கு ஆன்லைன்ல ஆர்டர் போட்டு மொதலாவது வந்து, திருப்பி அனுப்பி, மறுபடியும் மொதலாவதே வந்துது. இப்ப எங்கூட்டுல மூலக்கதை ரெண்டு காப்பி. ஒன்னு என்ற பையன் கிழிச்சுட்டான், சந்தோஷம்.

தறிச்சத்தம்

அண்ணா, மாமா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து கரண்ட் போயி தறி நின்ன நேரத்துல எல்லாத்தையும் அமுச்சிக்கிட்ட சொன்னன். அக்கா எழுதுனதுக்கப்புறம் 532ஐ மறுபடி படிச்சன், மொத தடவ சண்டை எங்கடான்னு பக்கத்தத் தள்ளிட்டே போயிருக்கறன், அந்தம்மா மூஞ்சிய ஒழுங்காவே பாக்கல.

கிங்பின்னப் பத்திச் சொன்னதும் அமுச்சி "உள்ள இருக்கறவன் எப்படிறா ஆளனுப்புவான்"னுச்சு. அண்ணன் தம்பி மாதிரி இருந்தவங்க ரெண்டு பட்டதச் சொன்னதும், "ஊட்டுக்குள்ள வெச்சுச் சோறு போட்டவனுக்கு எதுக்கப் போயி நின்னான்னா இவன் நல்லவன்தான், ஆனா மொதல்ல அவன் பேச்சக் கேட்டு பேரச் சொன்னான் பாரு, அதுதான் கேணத்தனம்"னு தீர்ப்புச் சொல்லிருச்சு. படுகளத்துல அண்ணமாரு விழுந்தப்போ தங்காள் வந்து எழுப்புனாளாட்டம் இந்தப் பையன் எழுப்பிருவானான்னு கேக்குது. ஸ்பாய்லர் பரவால்லைங்க கரையாண்ணா, சொல்லிருங்க, என்னால இனி சமாளிக்க முடியாது.

உக்கடத்துக்_கரையான்

சொல்லிடறன், வேண்டாதவங்க கண்ண மூடிக்குங்க.

539லிருந்து 543 வரைக்கும் பேக் இன் பிளாக்னு ஒரு தொடரு. பெரியம்மா ஆஸ்பத்திரில கோமால கெடக்குது, பீட்டரு மறுபடியும் கறுப்பு உடுப்பப் போட்டுக்கறான், மாமா சொன்ன அதே ரகம், ஆனா இது வெறும் துணி. ஜெயிலுக்குள்ள போயி மத்த கைதிங்க பாக்கப் பாக்க கிங்பின்ன அடிச்சுத் தொவைக்கறான், 542. அதுவரைக்கும் அருமை. அதுக்கப்புறம் ஒன் மோர் டேன்னு நாலு இதழ், 544ல ஆரம்பிச்சு 545ல முடியும், நடுவுல ரெண்டு அவனோட வேற ரெண்டு புத்தகத்துல. டாக்டரு கை விரிச்சுடறாங்க, மெஃபிஸ்டோன்னு ஒரு பிசாசு வந்து பெரியம்மாவப் பொழைக்க வெக்கறன், அதுக்குப் பதிலா உங்க கல்யாணத்தக் குடுங்கறான். உசுரு இல்ல, ஆத்மா இல்ல, கல்யாணம். நடந்ததே இல்லன்னு ஆயிரும். ரெண்டு பேரும் குடுத்துடறாங்க. ஸ்பைடர்மேன் யாருங்கறதும் ஊருக்கு மறந்துரும், அது மேரி ஜேன் கேட்டு வாங்குனது.

ஆக அந்தம்மா பொழச்சுருச்சு. எழுதுன ஸ்ட்ராசின்ஸ்கியே கடைசி ரெண்டு இதழ்ல என்ற பேரப் போடாதீங்கன்னு கேட்டாருன்னா பாத்துக்குங்க, எடிட்டர் ஜோ கெசாடாதான் அந்த முடிவு வேணும்னு நின்னாரு, படமும் அவரே. இன்னமும் அது பேரச் சொன்னா சண்டை வரும்.

கோபி_அம்மிணி

வரும். நான் ஆரம்பிக்கட்டுமா? 87ல கட்டுன தாலிய 2007ல பிசாசுகிட்ட குடுத்து இருபது வருஷக் கதைய அழிச்சுட்டாங்க. 538ல விழுந்த குண்டுக்கு அர்த்தமே போச்சு. பேரு வெளிய வந்ததும் வீணு, பெரியம்மா சொன்ன வார்த்தையும் வீணு. 543ஓட நிறுத்திக்குங்க தம்பி, சொன்னா கேளுங்க.

மாயாவி_மாமா

அம்மிணி, 62லருந்து வர்ற கதைங்க அது, அழிச்சு எழுதாம எப்படி ஓட்டுவான். நானும் திட்டுனவன்தான், இருந்தாலும் 546லருந்து வந்த கதைங்கள வாங்காம இருந்தமா? நான் வாங்குனன்.

தறிச்சத்தம்

சொல்லிட்டனுங்க. ராத்திரி அரிசியும்பருப்பு சோறு தின்னுட்டு இருந்தப்போ. பொழச்சுருச்சு அமுச்சின்னதும் ஒரு நிமிஷம் நல்லா சிரிச்சுச்சு. அப்புறம் எப்படிப் பொழச்சுதுன்னு சொன்னன். கைல எடுத்த வாய்ச் சோத்த அப்படியே வெச்சுட்டு, "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா"ன்னுச்சு. இல்ல அமுச்சி, அது மயக்கத்துல இருக்குதுன்னன். "கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்கும். எனக்குத் தெரியாதா"ன்னுட்டு எந்திரிச்சு கை கழுவப் போயிருச்சு.

காலைல பாத்தா 538ஐ நூல் கோணுல சுத்தியிருந்த நூலெடுத்து நடுத்தாளோட சேத்தித் தெச்சு வெச்சிருக்குது. நாலு தையல், ஒன்னு கோணல். பின்னு துரு புத்தகத்துல எறங்குதாம்.

537 யாருகிட்டயாச்சும் எச்சா ஒரு காப்பி இருந்தா சொல்லுங்க, பழசானாலும் பரவால்ல, கோபி பக்கம்னா பஸ்லயே வந்து வாங்கிக்கறன். 539லருந்து 543ம் வேணும். அதுக்கு மேல வேண்டாம்னு அமுச்சி சொல்லிருச்சு.